கருப்புப் பெயிண்ட் அடித்த பட்டை

கம்பெனி துரை சீமைக்குத் திரும்பியபோது என் தலையில் கட்டிவிட்டுப் போன கார் அது. அவருக்கு முன்பே இரண்டு துரைகள் அதை ஓட்டித் தேய்த்திருந்தார்கள். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவன் கார் வைத்திருக்கிறேன் என்ற திமிரில், அது இடது பக்கம் சாய்ந்து நின்றதைக்கூட நான் ஒரு தோரணை என்றே நினைத்திருந்தேன். பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் மேல்பட்டை உடைந்திருக்கிறது என்று ரயிலடி மெக்கானிக் சொன்ன பிறகுதான் தோரணை போய்க் கவலை வந்தது.

அப்போது என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். முந்தின வருஷம் ஏழாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை முன்கூட்டியே மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிட வேண்டும், வழியில் குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரயிலில் போகலாமே என்றாள் அவள். வாசலில் கார் நிற்கும்போது ரயிலா என்று கேட்டேன் நான். கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன்.

அறுபதுகளில் சீமைச் சாமான் வருவது அநேகமாக நின்றுபோயிருந்தது. பழைய காருக்கு உதிரி வேண்டுமென்றால் மெட்ராஸ் புதுப்பேட்டைக் கடைகளில் பழசைத்தான் பொறுக்க வேண்டும். மெக்கானிக் என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"துருப்புடிச்சதா பாத்து எடு சாமி. துரு எதையும் மறைக்காது. பெயிண்ட் அடிச்சி பளபளன்னு காட்டுவான், உள்ள இன்னா கீதுன்னு அவனுக்கே தெரியாது. அப்பறம் பேஜாரு."

பட்டையின் கோடியில் சுருட்டிவிட்ட வளையம் இருக்கும், விரிசல் விடுவது அங்கேதான் என்றார். அதில் மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவி, வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்ப ஊறி வெள்ளையில் கோடு காட்டிவிடும். நான் சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெயும் ஜிப்பாப் பையில் சாக்பீஸுமாகக் கிளம்பினேன்.

புதுப்பேட்டைக் கடைக்காரர் இரண்டு பட்டைகளை எடுத்துப் போட்டார். ஒன்று துருவேறி, சேற்றில் புதைத்து எடுத்தது போல இருந்தது. இன்னொன்று கருகருவென்று மின்னியது. நான் பையில் கையை விடுவதற்குள் அவர் முந்திக்கொண்டு, சாரைப் பார்த்தாலே தெரிகிறது, விஷயம் தெரிந்தவர், சாருக்கு நான் சொல்ல வேண்டுமா என்றார். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் பாட்டிலை எப்படி வெளியே எடுப்பது? பட்டம் போய்விடாதா? விஷயம் தெரிந்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். கருப்புப் பட்டையை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, "ம்" என்றேன். துருப்பட்டையைத் தூக்கினால் வேட்டி பாழாகும் என்பதும் மனசில் இருந்தது.

தூள் போட்டுப் பார்த்தாயா என்று மெக்கானிக் கேட்டார். பார்த்தேன் என்றேன். "நீ சொன்னா சரி சாமி" என்று மாட்டிக்கொடுத்துவிட்டார். என் நெற்றியில் இருந்த நாமத்தை நம்பியிருக்கிறார், பாவம். பயம் அந்த நிமிஷத்தில் பிடித்தது. நாலு நாள் அவர் ஷெட் வழியாகப் போகாமல் சுற்றி நடந்தேனே தவிர, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பிய காலையில் மனைவி பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். முன்னால் என் மாமனார், மடியில் நாமக்கட்டி வைத்த திருமண் பெட்டியோடு. அது இல்லாமல் அவர் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கி ஏற்றினேன். கட்டை வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. சைக்கிள்காரர் ஒருவர் கூடவே வந்து, தள்ளணுமா என்று விசாரித்தார்.

"ஏன்னா, இப்படிப் போனா குழந்தை வழியிலேயே பொறந்து பள்ளிக்கூடமும் போயிடும்" என்றாள் அவள். நான் சிரித்தேன். பல் தந்தியடித்ததைச் சிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

திருநின்றவூருக்குள் நுழையும்போது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அவள் மெதுவாக "அம்மா" என்றாள். வலியா என்று கேட்டேன், இல்லை, பயந்துட்டேன் என்றாள். எஞ்சின் சூடாகிவிட்டது என்று இன்னொரு பொய்யைச் சொல்லிக் காரை ஓரங்கட்டினேன்.

எதிர் டீக்கடையில் மண்ணெண்ணெய் கிடைத்தது. சாக்பீஸுக்கு எங்கே போக? மாமனாரிடம் கொஞ்சம் திருமண் கேட்டேன். இந்த இடத்திலா, இப்போதா என்பது போலப் பார்த்தார்; மாப்பிள்ளைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், கட்டியையே எடுத்துக் கொடுத்தார். சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, நாலணாக் காசால் பெயிண்டைச் சுரண்டி, எண்ணெய் தடவி, அங்கவஸ்திரத்தால் துடைத்து, திருமண்ணைப் பொடித்துப் பூசினேன். கடைக்காரர் எனக்குப் போட்ட நாமத்தை நான் பட்டைக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

வெள்ளையில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வந்தது. அப்புறம் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஊறியது. வளையத்தைச் சுற்றி நகர்ந்து, முக்கால் வட்டம் போய் நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை. கார்க்கதவு திறந்தது, அவள் கால்கள் தெரிந்தன. பட்டையில் விரிசல் என்றேன்.

"மெக்கானிக் இதைப் பார்த்தாரா?"

"நான் பார்த்துட்டேன்னு அவர்கிட்ட சொன்னேன்."

"பார்த்தேளா?"

"இல்லை."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருந்த ஸ்டேஷனுக்கு அடிமேல் அடி வைத்து நடந்தாள். தலையணைகளைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். ரயிலேறும்போது என் கையை நீட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி உறுதியாக இருந்தது.

வண்டி நகர்ந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "இன்னும் எதையாவது பார்த்தேன்னு சொல்லிட்டுப் பார்க்காம விட்டிருக்கேளா?"

பிரேக்கில் தொடங்கினேன். அப்புறம் ஸ்டியரிங், அப்புறம் அவளுக்கு வாங்கிக் கொடுத்த மருந்து பாட்டிலின் தேதி. ஆவடி தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவர் போல நடித்தார்.

ஒன்பதாம் நாள் மகள் பிறந்தாள், நல்ல தொண்டையோடு. கார் அதுவரை டீக்கடைக்கு எதிரிலேயே நின்றது. அதை எடுத்துவர மாமனார் மெக்கானிக்குக் கடிதம் போட்டார். புதுப்பட்டையையும் அவரே பார்த்து வாங்கட்டும் என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னது என் மனைவி.