வக்கா மேடம்

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் வித்யாலட்சுமி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். பறவை பார்க்கிற கூட்டத்தில் கேட்டால் முழிப்பார்கள். அங்கே அவள் 'வக்கா மேடம்'.

அந்தப் பெயர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு டிசம்பர் காலையில், ரிங் ரோட்டுக்கு அப்பால் இருக்கிற ஏரியில் அவள் ஒரு பெரிய பிட்டர்னைப் பார்த்தாள். கொக்கு ஜாதி. வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வருவது. இந்தப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். ஆபத்தென்றால் லேசில் பறக்காது, அலகை வானத்துக்கு நீட்டி நாணலோடு நாணலாக நின்றுவிடும். அவளிடம் பைனாகுலர் மட்டும்தான் இருந்தது. பறவைப் பதிவேட்டில் ஏற்றினாள். சரிபார்ப்பவர்கள் தள்ளிவிட்டார்கள். படம் இல்லை, இன்னொரு சாட்சி இல்லை, ஏரிக்கு ஏரி கிடக்கிற வக்காவின், அதாவது இராக்கொக்கின், குஞ்சைப் பார்த்துவிட்டு மயங்கியிருக்கலாமாம். வாட்ஸ்அப் குழுவை நடத்துகிற தீபக், கச்சிபௌலியில் கம்பெனி வேலை பார்ப்பவன், சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை வைத்தான்.

முப்பத்திரண்டு வருஷம் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் அளவுக் கருவிகளைச் சோதித்தவள் அவள். அவள் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் திருப்பிப் பார்த்தது கிடையாது. புருஷன், பிள்ளை என்று யாரும் இல்லை. சம்பாதித்து வைத்திருந்தது அந்த ஒரு நம்பகம்தான். அதையும் வக்காக் குஞ்சு கொத்திக்கொண்டு போய்விட்டது. உள்ளுக்குள் வெந்தாள். வெளியே எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ஞாயிறு தவறாமல் அதே ஏரி. ஸ்கூட்டி, பிளாஸ்க், புதுக் காமிரா. இந்த ஜனவரியில் பறவை வந்தேவிட்டது. அவசரத்தில் எடுத்த படத்தில் எது அலகு, எது நாணல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தீபக்குக்குப் போன் போட்டாள்.

"தீபக், நீயே வந்து உன் கண்ணால பாரு. அது போதும் எனக்கு."

"ஹவ் ஆன்ட்டி, சரி, வரேன். லொகேஷன குரூப்ல போட்டுடுங்க. நாலு பேர் பாத்தா ஸ்ட்ராங்கா இருக்கும்."

"குரூப்ல நக்கோப்பா, வேண்டாம். அது தங்கற எடம்."

"அப்புறம் மறுபடியும் வக்கான்னு சொல்லிட்டா என்னைக் கேக்காதீங்க."

தங்குமிடத்தைக் குழுவில் போடக் கூடாது என்ற விதியை எழுதியவளே அவள்தான். மீறினவர்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அவளே போட்டாள்.

விடிந்தபோது ஏரிக்கரை நிறையக் கார்கள். பாதி முகங்களை அவள் பார்த்ததே இல்லை. பறவை அதே இடத்தில் அலகைத் தூக்கிக்கொண்டு நின்றது. பாவம், அதற்குத் தெரிந்தது அந்த ஒரு வித்தைதான். ஒருவர் கண்ணுக்கும் அது தட்டுப்படவில்லை. ஒருவன் போனில் அதன் குரலை அலறவிட்டான். இன்னொருவன் கல்லை எடுத்தான்.

"எறியாதீங்க!" என்று கத்தினாள் வித்யாலட்சுமி. "அங்கதான் இருக்கு, நல்லாப் பாருங்க!"

வாய் வேண்டாம் என்றது. விரல் இடத்தைக் காட்டியது.

மூன்றாவது கல்லுக்கு அது எழும்பியது. கனத்த உடம்பு, தாழப் பறந்து, மீனவர்கள் கம்பு நட்டுக் காயப்போட்டிருந்த நைலான் வலையில் நேராகப் போய் விழுந்தது. எல்லோரும் ஓடினார்கள், ஓடிக்கொண்டே படம் எடுத்தார்கள். அவள் பல்லால் கடித்து வலையை அறுப்பதற்குள் கழுத்து தொங்கிவிட்டது.

தீபக் குனிந்து பார்த்தான். "பிட்டர்ன்தான் ஆன்ட்டி," என்றான். "ஸாரி."

பதினோரு நாள் கழித்துப் பதிவேட்டுக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. பதிவு ஏற்கப்பட்டது, சாட்சிகள் முப்பத்தேழு பேர். இதை வைத்து அவளுடைய பழைய பதிவையும் ஏற்றுக்கொள்கிறார்களாம். இணைத்திருந்த படத்தில் அவள் கை இருந்தது, கையில் பறவை.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுதினாள். 'இரண்டிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள். அன்றைக்கு நான் பார்த்தது வக்காக் குஞ்சுதான்.'