எங்கள் வீட்டு அரசாங்க மதம்

மகளுக்குக் கல்லூரியில் விவாதப் போட்டி. நாட்டுக்கு ஓர் அரசாங்க மதம் வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு 'வேண்டும்' விழுந்துவிட்டது.

"எனக்கே பிடிக்காத பக்கம்ப்பா. நீ எதிர்த்துப் பேசு, நான் பழகிக்கறேன்" என்றாள். ஞாயிறு காலை, வங்காளத்துக் கரியாஹாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மேடை. நடுவர் என் மனைவி. டம்ளரும் கரண்டியும் அவள் மணி.

நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த போலீஸ்தான் வரவேண்டும். அதோடு ஓர் ஆபத்தும் இருந்தது. சனிக்கிழமைதோறும் கிடர்பூர் ஆபீஸ் முடிந்து வரும் வழியில், சந்தை முனையில் நின்று ஃபிஷ் ஃப்ரை சாப்பிடுகிறவன் நான். முட்டை போட்ட கேக்கையே வாசலோடு திருப்பி அனுப்பும் என் மனைவிக்கு இது தெரியாது. தெரியாமலிருக்க நான் மென்ற சோம்பு ஒரு மூட்டை தேறும்.

மகள் அழகாகத் தொடங்கினாள். "அரசாங்கத்துக்கு ஒரு மதம் இருந்தா மத்தவாளுக்கு என்ன நஷ்டம்? அவாவா வழியில அவாவா இருக்கலாமே!"

"முடியாது!" நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "ஒண்ணுக்கு முத்திரை குத்திட்டா மத்தவன் ஒளிஞ்சு வாழ ஆரம்பிப்பான். இந்த வீட்டையே எடுத்துக்கோ. உங்கம்மா சமையலறைதான் அரசாங்க மதம். விளைவு? ஒரு அப்பாவி மாசம் ஒருதரம் திருட்டுத்தனமா மீன் தின்னுட்டு, சோம்பை மென்னுண்டு..."

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. என் வாழ்நாளின் மிகச் சிறந்த வாதம் அது.

டங்!

"யாரந்த அப்பாவி?" என்று கேட்டாள் மனைவி.

மகளுக்கோ வாத வெறி. "எதிரணி பொய் சொல்றது! மாசம் ஒருதரம் இல்லை, வாராவாரம்! போன வாரம் ரெண்டு பிளேட்!"

"உனக்கெப்படித் தெரியும்?" என்று நடுவர் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு எனக்கு..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு அணிகளும் தரையைப் பார்த்தோம். பயத்தில் நடுங்க வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மகளுக்கும் தொற்றிக்கொண்டது.

நடுவர் சிரிக்கவில்லை. "வெளியில என்னத்தையாவது தின்னுங்கோ. என் சட்டம் வாசப்படியோட சரி. ஆனா தின்ன அன்னிக்குத் தலைக்குக் குளிச்சுட்டுத்தான் சமையலறைக்குள்ள வரணும். நேத்திக்கும் சேர்த்து இப்பவே ஆரம்பிங்கோ."

"அம்மா, இந்தக் குளிர்லயா? கீஸர் வேற ரிப்பேர்!"

"தெரியும்."

முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் நான் போட்ட அலறலில் எதிர்வீட்டு வங்காளி அண்ணன் ஓடிவந்து கதவைத் தட்டினார். என்ன ஆயிற்று என்று வங்காள மொழியில் பதறினார். ஒன்றுமில்லை, அப்பா மீன் சாப்பிட்டுவிட்டார் என்று மகள் பதில் சொன்னது குளியலறைக்குள் தெளிவாகக் கேட்டது.

தினமும் மீன் சாப்பிடுகிற அந்த வங்காளி ஓடிப்போய்த் தன் வீட்டுக் கதவைத் தாழிட்ட சத்தமும் கேட்டது.