மூலம் என்று நான்தான் சொன்னேன்

என் அக்காவின் நோயை டாக்டரிடம் எடுத்துச் சொன்னது அவள் அல்ல, நான். அவள் வெளியே பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் உள்ளே போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "அக்காவுக்கு மூலம் மாதிரி இருக்கு டாக்டர். ரத்தம் போவுது."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா."

"வெளிக்குப் போறப்ப வலிக்குதாமா?"

"ஆமாங்க."

அவர் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். தடவ ஒரு களிம்பு, இரவில் குடிக்க ஒரு பொடி, காரம் சேர்க்கக் கூடாது. அக்காவைக் கூப்பிடவா என்று கேட்டேன். அவர் நிமிராமலே, "பொம்பளைங்க காட்ட மாட்டாங்க டீச்சர். எதுக்கு அவங்களைச் சங்கடப்படுத்திக்கிட்டு?" என்றார். எனக்கு அப்போது அது பெரிய மரியாதையாகப் பட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். காரைக்கால் கடைத்தெருப் பக்கம் இருந்த அந்தக் க்ளினிக்கில் அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். நான் வரிச்சிக்குடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அந்த அம்மாவின் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு விஷயத்தை நான் டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வந்து குணமாகியிருந்தது. அதைத்தான் சொல்லவில்லை. மூலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். விழிதியூரில் கட்டிக்கொடுத்திருந்தது. பிள்ளைகள் இல்லை. அப்பா, அம்மா போன பிறகு நானும் அங்கேயே தங்கிவிட்டேன். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அத்தான் நல்ல உழைப்பாளி. எட்டு மா நிலம், இரண்டு ஜோடி மாடு. வயலில் நடவு ஆட்களோடு நின்று மல்லுக்கட்டுவது அக்காதான். அவள் குரல் கேட்டால் மூன்று வரப்பு தள்ளி நிற்பவர்களும் குனிந்துவிடுவார்கள். அத்தானை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் நோய் வந்தது எழுபதுகளின் நடுவில். மாதவிலக்கு இல்லாத நாளிலும் உதிரம் பட்டது. வெளியூரில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அறுவை வேண்டாம், கரண்டு வைத்துச் சரிபண்ணலாம் என்றார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். ஆறு வாரம் அங்கேயே கிடந்தோம். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் மண்டபத்தூரிலிருந்து ஒரு மீன்காரம்மா. அதே நோய், அதே வைத்தியம். நோயாளிகளெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க, இவர்கள் இருவரும் மட்டும் நர்சுகளுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "ஒங்க ஊரு நெல்லு, எங்க ஊரு மீனு, ரெண்டும் ஒரே தட்டுலதான் சேரணும்னு இருக்கு" என்பாள் அந்த அம்மா.

பிழைத்து வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும் என்று ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். மீன்காரம்மா இரண்டு வருஷம் போனாள், பிறகு விட்டுவிட்டாள். அக்கா விடவில்லை. அறுப்பு நடந்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி, அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு வருஷமும் நான் லீவு போட்டுக் கூடப் போனேன். உள்ளே படுக்கவைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். 'சுத்தமாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, திரும்பிப் படுங்கள், பின்பக்கமும் பார்த்துவிடுகிறேன் என்று சொன்னதில்லை. அப்படிக் கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது.

களிம்பு தடவியும் ரத்தம் நிற்கவில்லை. அக்கா கருணைக்கிழங்கு வேகவைத்துத் தின்றாள். துத்தி இலையை வதக்கிக் கட்டினாள். டவுனில் 'மூலம், பவுத்திரம்' என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடமும் போனோம். அவரும் பார்க்கவில்லை. நாடியைப் பிடித்துவிட்டுச் சூடு என்றார். இதற்கிடையில் வருஷாந்திரப் பரிசோதனை வந்தது. இந்தத் தடவை அக்காவே வாயைத் திறந்தாள். "பின்னாலயும் ரத்தம் வருதுங்க. மூலம் போல இருக்கு."

அங்கிருந்த இளம் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா. சர்ஜரி ஓ.பி.க்குப் போங்க. செவ்வா, வெள்ளிதான் பார்ப்பாங்க."

அன்றைக்குப் புதன்கிழமை.

அந்த டாக்டரின் விரல் சோதித்த இடத்துக்கும், பின்னால் தெரியவந்த கட்டி இருந்த இடத்துக்கும் இரண்டு அங்குலம்கூட இருக்காது. பஸ்ஸில் திரும்பும்போது அக்கா நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது. "ஒக்காந்தா குத்துதுடி" என்றாள்.

அடுத்த செவ்வாய், அடுத்த வெள்ளி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். நாலு மாதத்தில் அவள் சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான் என்று ஆகிவிட்டது. அப்போது ஊருக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். சின்ன வயது, முகத்தில் சிரிப்பே கிடையாது. அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல நான் முந்திக்கொண்டேன். "மூலங்க."

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப அவங்க சொல்லட்டும்." அக்காவின் பக்கம் திரும்பினார். "முன்னாடி ஏதாச்சும் பெரிய நோய் வந்திருக்காம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "கர்ப்பப்பையில புத்து வந்து கரண்டு வச்சாங்க. வருஷா வருஷம் போயி காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

டாக்டர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கையுறை போட்டார், விரலில் ஏதோ தடவினார், திரையை இழுத்துவிட்டார். அக்கா ஒரு தடவை கத்தினாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டாக்டர் வெளியே வந்து வெகுநேரம் கை கழுவினார்.

"இது மூலம் இல்லைங்க. ஆசனவாயில கட்டி. நல்லா பெருசாயிடுச்சு" என்றார். பிறகு, என்னிடம் மட்டும் கேட்டார்: "கர்ப்பப்பை வாயில வந்தவங்களுக்குப் பக்கத்துல இங்கயும் வரலாம். வருஷா வருஷம் போனீங்களே, அங்க யாரும் விரல் விட்டுப் பாக்கலியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

மறுபடியும் அதே பெரிய ஆஸ்பத்திரி. ஏற்கனவே கரண்டு வைத்த இடம், மறுபடி வைத்தால் தாங்காது, அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். ஆசனவாயையே எடுத்துவிட்டுத் தைத்துவிட்டார்கள். மலம் போக வயிற்றின் இடது பக்கம் ஒரு வழி வைத்தார்கள். இனி ஆயுசுக்கும் அப்படித்தான். அந்த வழியின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து இடுப்பில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பை கிடைப்பது அரிது. கழுவிக் கழுவி வெயிலில் உலர்த்துவோம். கொல்லையில் கொடி கட்டி உலர்த்தியதை அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வேட்டியைப் போட்டு மூடி உலர்த்தினேன்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அந்தக் கடைத்தெரு டாக்டரிடம் போனேன். சண்டை போடவேண்டும் என்றுதான் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளபடியே வருத்தப்பட்ட முகத்தோடு, "நீங்க மூலம்னுதானே சொன்னீங்க டீச்சர்?" என்றார்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அத்தான் கட்டிலைத் தூக்கி மாட்டுக்கொட்டகைப் பக்கம் போட்டுக்கொண்டார். காற்றுக்காக என்றார். பிறகு அவர் தங்கை வீட்டில் சாப்பிட ஆரம்பித்தார். அதற்கும் ஒரு காரணம் சொன்னார். அக்கா வயலுக்குப் போவதை நிறுத்தினாள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் தாலி கட்டும் முன்பே திரும்பிவிட்டாள். கூட்டத்தில் பை சத்தம் போட்டுவிட்டதாம். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். "ஒருத்தியும் ஒண்ணும் சொல்லலடி. நவுந்தாளுவோ, அவ்வளவுதான்" என்றாள்.

அந்த நாட்களில்தான் எனக்கு மண்டபத்தூர் மீன்காரம்மாவின் நினைப்பு வந்தது. அதே நோய், அதே கரண்டு, அக்காவைப் போல வருஷா வருஷம்கூடப் போகாதவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கடலோரத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே டீச்சரம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"ஒண்ணும் இல்லாதப்பதான் பாக்கணும்ங்க. வலிச்ச பிறகு பாத்து என்ன புண்ணியம்?"

"அங்கயெல்லாம் போயி எப்பிடிம்மா காட்டுறது?"

"எங்க அக்கா காட்டல. இப்ப வந்து பாருங்க, வயித்துல பை கட்டிக்கிட்டு இருக்கா."

அப்படிச் சொல்லிப் பயமுறுத்தியதுதான் வேலை செய்தது. மறு வாரம் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதே திரை, அதே ஒரு நிமிடம். விளக்கைக் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். ஓரத்தில் சின்னதாக ஓர் இடம் வெளுத்துத் தடித்திருக்கிறது என்றார். சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இன்னும் புற்றாகவில்லை, விட்டால் ஆகிவிடலாம் என்று பதில் வந்தது. அந்த இடத்தை மட்டும் செதுக்கி எடுத்தார்கள். மூன்றாம் நாள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் தெருவில் கூவிக்கொண்டு போனாள்.

நான் ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று உள்ளபடியே நம்பியிருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"அவளுக்குச் சொல்ல பஸ் ஏறிப் போனியா?"

"ஆமாக்கா."

"எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லாமப் போச்சு பாரு."

"எனக்கு அப்ப தெரியாதுக்கா."

"அவ ரெண்டு வருஷம் போனா. நான் எட்டு வருஷம் போனேன்டி." அதற்குமேல் இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பையைக் கழற்றிக் கொடுக்கும்போது, "அவ நல்லா இருக்கட்டும்" என்றாள். அதை அவள் ஆசீர்வாதமாகச் சொல்லவில்லை. முகம் அப்படி இல்லை. எனக்கும் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒன்றரை வருஷத்தில் இடுப்பெலும்பில் வலி வந்தது. நோய் பரவிவிட்டது என்றார்கள். தை மாதம், அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் போய்ச்சேர்ந்தாள். வயலிலிருந்து அத்தானைக் கூப்பிட்டு வந்தார்கள். பெருங்குரலெடுத்து அழுதார். தெருவே அவரைப் பார்த்து உருகியது. இப்படி உயிராக இருந்த மனுஷன் என்று சொன்னார்கள். நான் பிணத்தின் வயிற்றிலிருந்து பையை எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் துணி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த நோய் வந்தவர்களுக்குப் பின்பக்கமும் பார்க்கவேண்டும் என்று அட்டையில் தமிழில் ஒரு வரி அச்சடியுங்கள் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை.

மீன்காரம்மா தனியாகப் போகமாட்டேன் என்றாள். அதனால் அடுத்த வருஷப் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். அதே அறை, வேறொரு இளம் டாக்டர். முன்பக்கம் பார்த்துவிட்டு, "போலாம்மா" என்றார்.

"பின்னாலயும் பாத்திடுங்க" என்றேன்.

"எதுக்கு? கம்ப்ளைன்ட் இருக்கா?"

"இல்லைங்க. பாக்கணும்."

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. பாருங்க."

முறைத்தார். நான் நகரவில்லை. வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் வேறு கையுறை எடுத்தார். பார்த்தார், ஒன்றும் இல்லை என்று எழுதினார்.

வெளியே வந்து, கையில் அட்டையோடு பெஞ்சில் காத்திருந்த பெண்களிடம் ஒவ்வொருத்தியாகச் சொன்னேன். உள்ளே போனால் ஆசனவாயையும் விரல் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருத்தி சரி என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். கடைசியில் இருந்த வயதான அம்மா, "படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே, நாலு பேரு இருக்கற எடத்துல அசிங்கமா பேசாதம்மா" என்றாள்.

இன்னும் கொஞ்சம் சத்தமாக, அவளுக்கே மறுபடியும் சொன்னேன்.