பதினெட்டாம் சுற்றில் நின்ற ஏழாம் எண் கார்

மலேசியாவின் உலு திராமில் புது வண்டி வாங்கியவர்கள் கமலநாதனின் பட்டறைக்குப் போகாமல் இருந்ததில்லை. எலுமிச்சம்பழமும் திருநீறும் வைத்து அவர் முடிந்து தரும் மஞ்சள் துணியைக் கட்டினால் வண்டிக்கு ஆபத்தே வராதாம். அந்தத் துணியைக் கண்டால் செம்பனைத் தோட்டத்துக் குரங்குகள்கூட ஓரமாய் நின்று வழிவிடும் என்று நானே நாலு பேரிடம் அளந்திருக்கிறேன். அவருடைய கைராசியைப் புகழ்ந்தால் மட்டும் மனிதர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தோம்.

இருபது வருஷத்துக்கு முன் தேசிய ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயத் தொடர் தொடங்கியபோது அவர் அதில் மெக்கானிக். நாலு சக்கரமும் மூடியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இன்ஜின். அதையும் யாரும் திறக்க முடியாதபடி முத்திரை வைத்திருப்பார்கள். பணம் ஜெயிக்கக் கூடாது, ஓட்டுகிறவன் ஜெயிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால்தான் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே, லாரி ஓட்டுநர் மகன் ரூபேந்திரனுக்கும், கமலநாதன் பார்த்துக்கொண்ட ஏழாம் எண் கார் கிடைத்தது.

முதல் ஆண்டின் கடைசிப் பந்தயம் பாசிர் கூடாங் பந்தயத் தளத்தில். மொத்தம் இருபது சுற்று. ஜெயித்தால் அந்தத் தொடரின் முதல் சாம்பியன் ரூபேந்திரன்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் கார் பதினெட்டாம் சுற்றில் வெள்ளைப் புகை கக்கி நின்றது. இன்ஜின் சூடேறிக் கெட்டுவிட்டது. எச்சரிக்கை விளக்கைப் பார்க்காமல் ஓட்டினான் என்று குழுவின் முதலாளி முடிவுகட்டினார். விளக்கு எரிந்த மறு வளைவிலேயே நிறுத்திவிட்டேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. முதலாளி எழுதிய அறிக்கையில் கமலநாதன் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு ரூபேந்திரனுக்குக் கார் இல்லை, அப்பாவின் லாரிதான். அந்தப் பந்தயமே ஆறு ஆண்டில் ஆதரவின்றி நின்றுபோனது.

போன வருஷம், அந்நாளில் பந்தயத்தில் நேரக்கணக்கு எடுத்த பிரேமலா அந்தத் தொடரின் வரலாற்றைப் புத்தகமாக்கினாள். ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் பட்டம் பறிபோனது’ என்ற பக்கத்தைக் கமலநாதனுக்கு அனுப்பி, சரிதானா என்று கேட்டாள். அச்சுக்குப் போக மூன்று நாள்தான் இருந்தது. இரண்டு நாள் அவர் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரூபேந்திரனைப் பட்டறைக்குக் கூப்பிட்டார்.

“உன் காரை நிறுத்துனது நான்தான் தம்பி.”

பந்தயத்தன்று காலை அவர் மஞ்சள் துணி முடிந்திருந்தார். காரின் மேல் எதையும் கட்டக் கூடாது என்பது விதி. அதிகாரிகள் கண்ணில் படாமல் பக்கவாட்டுக் காற்றுத் துளைக்குள், ரேடியேட்டருக்கு முன்னால் செருகிவிட்டார். வேகத்தில் முடிச்சு அவிழ்ந்து, துணி விரிந்து ரேடியேட்டரில் அப்பிக் காற்றை அடைத்துவிட்டது. கார் திரும்பி வந்ததும் முதலில் துளைக்குள் கையை விட்டவர் அவர்தான். பாதி வெந்த எலுமிச்சம்பழத்தைத் துணியோடு காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ரூபேந்திரன் அவர் கைகளைப் பார்த்தான்.

“அதுக்கப்புறம் அஞ்சு வண்டி கொண்டாந்தேன்ணே. அஞ்சுக்கும் நீங்கதான் கட்டுனீங்க. கை நடுங்கலையா?”

“ஒவ்வொரு தடவையும் நடுங்குச்சு. நீ பக்தின்னு நெனச்ச.”

“வெளக்கப் பாத்தியாடா, பாத்தியாடான்னு கேட்டுக்கிட்டேதான்லா எங்கப்பா செத்தாரு.”

வாங்கி வைத்த மைலோ பானத்தைத் தொடாமல் எழுந்து போனான். கமலநாதன் அன்றே பிரேமலாவுக்கு எல்லாவற்றையும் எழுதினார். புத்தகத்தில் அந்தப் பக்கம் மாறியது; அவர் பெயரும் செய்த காரியமும் அச்சில் ஏறின. அதன்பின் எந்த வண்டியும் பட்டறைக்குத் துணி கட்டிக்கொள்ள வரவில்லை. கோயிலில்கூட அவர் தூணுக்குப் பின்னால்தான் நிற்பார்.

இரண்டு மாதம் கழித்து ரூபேந்திரன் புதுப் பள்ளி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். மஞ்சள் துணியையும் பழத்தையும் அவனே நீட்டினான்.

“கட்டுங்க. வெளிய, கண்ணாடிப் பக்கத்துல. நான் பாத்துக்கிட்டே நிப்பேன்.”

கட்டினார். அவன் முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தவன், இறங்கி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு வேனை எடுத்தான். திருநீறு ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கமலநாதன் தரையைப் பார்த்தபடி நின்றார்.