அக்காவின் முன் சீட்

பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கார் வாங்கியதில் எனக்குப் பொறாமையே கிடையாது என்று அப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பச்சைப் பொய். வயிறு திகுதிகுவென்று எரிந்தது. மாதா மாதம் கிருத்திகைக்கு என் அக்கா என் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்துதான் திருத்தணி மலைக்கு வருவாள். அந்த இடத்தைக் கார் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அது எனக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஜீப் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஏலத்தில் எடுத்தது. கதவு கிடையாது. மேலே தார்பாய். ஹார்ன் அதற்கு மனசு வந்தால் அடிக்கும். ஆனால் கே.ஜி.கண்டிகையிலிருந்து எங்கள் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையில், டிராக்டரே நின்று யோசிக்கிற சேற்றில், சின்ன கியரைத் தட்டிவிட்டால் நான்கு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறிவிடும். உர மூட்டை, கரும்புக் கட்டு, பசு கன்று போட முடியாமல் தவித்தால் மாட்டு டாக்டர், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான்.

அக்கா திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கிருத்திகை அன்று விடிந்ததும் அவள் வாசலில் போய் நிற்பேன். பூக்கூடையைக் காலுக்கு நடுவில் வைத்து, முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். மலைப்பாதையில் இன்ஜின் போடுகிற கூச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். மாமியார் முன்னால் மூச்சு விட முடியாததையெல்லாம் அங்கே கத்தித் தீர்ப்பாள். "மெதுவா ஓட்டுடா பாவி! முருகன் எங்கயும் ஓடிப்போயிட மாட்டாரு!" என்பாள். இறங்கும்போது, கையெல்லாம் துரு நாற்றம் என்று திட்டுவாள். மாதத்தில் அந்தக் கொஞ்ச நேரம் அவள் யார் வீட்டு மருமகளும் இல்லை, எனக்கு மட்டும் அக்கா.

பாவாவுக்கு ஆர்.கே.பேட்டையில் பவர்லூம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் தறிகள் பெருகின, கார் வந்தது. சின்ன கார் என்றுதான் கடைக்காரன் சொல்லி விற்றானாம். எது சின்னது? முகம் உப்பி, வயிறு ஊதி, மாப்பிள்ளை வீட்டு விருந்து தின்ற மாதிரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கேட்டுக்குள் நுழையவில்லை என்று ஒரு தூணையே இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பணத்துக்கு எங்கள் பக்கத்தில் கிணற்றோடு நிலம் வாங்கலாம். இத்தனைக்கும் ஒரு கோழி முட்டை அளவு கல் இருந்தால் அடியில் இடிக்கும்.

"கண்ணாடிய ஏத்திட்டா வெளிய இடி வுழுந்தாலும் கேக்காது மச்சான்" என்றார் பாவா, ஏசியைப் போட்டுக் காட்டி.

"காத்து?"

"எதுக்கு காத்து? அதான் ஏசி கீதே."

முதல் கிருத்திகைக்குக் காருக்குப் பூஜை. வழக்கம்போல நான் போய் நின்றேன். அக்கா பட்டுப்புடவையில் வெளியே வந்தாள். தலையில் முந்தானை கட்டவில்லை. "டேய், தேங்கா, பூ, பால் குடம் எல்லாத்தையும் ஜீப்ல ஏத்திகினு பின்னாடியே வாடா. புது கார்ல சிந்திடும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மலை ஏறுகிற வரைக்கும் அந்தக் காரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே அக்கா ஏதோ சொல்வதும் பாவா சிரிப்பதும் தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. மேலே போய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். என் பக்கத்து சீட்டில் பால் குடம் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் ஜீப் புராணம்தான். கண்டிகை டீக்கடையில் யார் மாட்டினாலும் விட மாட்டேன். மழை வந்தால் அந்தக் கார் என்ன செய்யும், சேற்றில் இறங்குமா, மூட்டை ஏற்றுமா என்று கேள்வி மேல் கேள்வி. டீக்கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "அண்ணா, உனுக்கு டீ வேணாம். மோரு குடி. வயிறு கொஞ்சம் ஆறட்டும்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மழையும் வந்தது. பாவா எதற்கு வண்டிப்பாதைக்கு வரப்போகிறார்? தார் ரோட்டில் சொகுசாகத்தான் போனார். நான் நினைத்தபடி கார் ஒரு நாளும் சேற்றில் மாட்டவில்லை. ஆனால் வேறு விதத்தில் அடி விழுந்தது. புதிதாகக் கட்டிய தூணிலேயே உரசி ஒரு பக்கம் முழுக்கக் கோடு. பிறகு அரக்கோணம் ரோட்டில் டயர் வெடித்தது. கடைசியாக மலைமேல் ஒரு குரங்கு, பக்கக் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்து இன்னொரு குரங்கு என்று நினைத்ததோ என்னவோ, அதைப் பிய்த்து எறிந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கேட்கும்போது "அடடா, அப்படியா" என்றேன். உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொல்லி அனுப்பினாள், ஜீப்பை எடுத்துக்கொண்டு உடனே வரச்சொல்லி. சரி, கார் அலுத்துவிட்டது, நம் ஞாபகம் வந்துவிட்டது என்று பறந்துகொண்டு போனேன். "வாடா" என்றவள் என்னைத் தாண்டி நேராகத் தெருவுக்குப் போனாள். ஜீப்புக்குப் பின்னால் குனிந்தாள். தோடு கீடு விழுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். என் டயர் தடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள்! கண்ணு போட்ட ஆளின் காலடி மண்ணை எடுத்துச் சுற்றிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"இன்னாக்கா இது?"

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுடா. தெருவுல எல்லார் காலடி மண்ணையும் எடுத்துட்டேன். நீ எங்க நடந்து வர? அதான் டயர் மண்ணு."

மண், உப்பு, மிளகாய் எல்லாம் சேர்த்துக் காரைச் சுற்றி வந்து நெருப்புச் சட்டியில் போட்டாள். கண்ணு பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. படவில்லை என்றால் தும்மலும் இருமலுமாக வீட்டில் ஒருவர் நிற்க முடியாது. நானும் பார்க்கிறேன், மிளகாய் கருகுகிறது, புகைகிறது, நெடியைக் காணோம். பாவா என்னையே பார்க்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றாக இழுத்து இருமினேன்.

அக்கா நிமிர்ந்தாள். "நெடியே இல்ல. நீ எதுக்குடா இருமற?"

பாவா தோள் குலுங்கச் சிரித்தார். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிருத்திகைக்குப் போவதா வேண்டாமா என்று மானம் தடுத்தது. பால் குடத்துக்கு ஆள் வேண்டுமே என்று போனேன். கார் உறை போர்த்திக்கொண்டு உள்ளே நின்றது. அக்கா முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்து ஜீப்பில் ஏறினாள். கம்பியைப் பிடித்தாள். பாவா கேட்டைப் பிடித்துக்கொண்டு ஜீப்பையே பார்த்தபடி நின்றார்.

மலைப்பாதை ஆரம்பித்ததும் கத்தினேன். "கார் ரிப்பேரா அக்கா?"

"கார் நல்லாதான் கீது! உன் கண்ணு முன்னாடி அத எடுக்க வேணாம்னுதான் வுட்டுட்டு வந்தேன்!"

சுருக்கென்று தைத்தது. அக்காவே மறுபடி கத்தினாள். "உங்க பாவா நேத்துலருந்து எங்கிட்ட பேசல. 'தம்பி ஜீப்புன்னா மட்டும் வாய் ஓயாம பேசற, இப்பல்லாம் என் கார்ல ஏறனா ஊமையா வர'ன்னு மூஞ்சிய தூக்கி வெச்சுகினு கீறாரு!"

அப்போதுதான் அவள் முந்தானை முனையில் ஒரு முடிச்சைக் கவனித்தேன். "அது இன்னாக்கா?"

"மெளகா, உப்பு!" என்றாள். "அவரு செருப்பு தடத்து மண்ணும் எடுத்துகினேன். மேல போனதும் ஜீப்ப சுத்தணும். நீ வந்து நின்னதுமே அவரு இத பாத்த பார்வ சரியில்லடா!"

ஏலத்தில் எடுத்த அந்தத் தகரத்துக்குக் கண் படும் என்று ஒருத்தி நினைத்தது அதுதான் முதல் தடவை.