ஆர்லன் ஸ்வீட்ஸரின் ரிவர்ஸ் கியர்

ஆர்லன் ஸ்வீட்ஸரின் வண்டியில் ஒன்பது வருடமாக ரிவர்ஸ் கியர் விழுவதில்லை. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. தீவனக் கடையில் முன்பக்கமாகவே வெளியேறக்கூடிய இடமாகப் பார்த்து நிறுத்துவார். தேவாலயத்தில் புல்வெளி ஓரத்துக் கடைசி இடம் அவருக்கென்றே காலியாகக் கிடக்கும். எங்காவது மாட்டிக்கொண்டால் இறங்கி முன்னால் போய், பம்பரில் முதுகைக் கொடுத்துத் தள்ளுவார். அந்தச் சிற்றூரில் அவர் வண்டியை ஒரு முறையாவது தள்ளாத ஆண்பிள்ளை கிடையாது.

வண்டி, பின்னால் திறந்த சுமைத் தொட்டி உள்ள ஓர் ஆட்டோமேட்டிக் பிக்கப். மூன்று லட்சத்துப் பதினோராயிரம் மைல் ஓடியது. அதன் கியர் ஆயிலை அவர் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. மறதி அல்ல, கொள்கை. கியர் பெட்டிக்குள் இருக்கும் தட்டுகள் வழுக்காமல் பிடிப்பதே பழைய ஆயிலில் கலந்த தேய்மானத் தூளால்தான். புது ஆயில் அதைக் கழுவிவிடும், வண்டி நின்ற இடத்தில் நின்றுவிடும் என்பார். ஒஹாயோவின் அந்த மூலையில் எல்லா ஆண்களும் இதை நம்பினார்கள். ஆயில் மாற்றி மறுநாளே வண்டியைப் பறிகொடுத்த மச்சான் ஒருவன் எல்லோருக்கும் இருந்தான்.

அவர் மகள் டார்லாவுக்கு நாற்பத்தாறு வயது. கொலம்பஸில் ஆயில் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஃபில்டர் அடைத்திருக்கிறது, அழுத்தம் போதவில்லை, அதனால்தான் ரிவர்ஸ் விழவில்லை என்று ஒன்பது வருடமாகச் சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியிலும் அதே பேச்சுதான்.

"நீ ஆயிலப் படிச்சிருக்கே. என் வண்டியப் படிக்கல. அதத் தொடாதே," என்று தொலைபேசியை வைத்துவிட்டார் ஆர்லன்.

திங்கட்கிழமை காலை கொட்டகையில் விழுந்து கிடந்தார். இதயம் நின்றிருந்தது.

எழுதி வைத்திருந்தது ஒரே வரி: சவ ஊர்தி வேண்டாம், என் வண்டியில் கொண்டுபோங்கள். கல்லறைத் தோட்டம் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. செவ்வாயன்று டார்லா அந்த மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். பாதி ஏற்றத்தில் இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. பிரேக்கைத் தளர்த்தி உருட்டிக்கொண்டு இறங்கினாள். கியர் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தாள். கறுப்பு. கருகிய ரொட்டியின் வாசம். ஆயிலை மாற்றாவிட்டால் அப்பா பாதி வழியில் நிற்பார். மாற்றி, அவர் சொன்னது பலித்தால் கிளம்பவே மாட்டார். அடக்கம் வியாழக்கிழமை.

புதன் காலை வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி அடியில் படுத்தாள். ஊர்ப் பெண்கள் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட பதார்த்தங்களைத் துக்க வீட்டுக்குக் கணவன்மாரிடம் கொடுத்தனுப்பினார்கள். கொண்டுவந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. வண்டியைச் சுற்றி நின்று அவரவர் மச்சான் கதையைச் சொன்னார்கள். பக்கத்துப் பண்ணை மெர்ல், அப்பாவின் ஐம்பது வருடச் சிநேகிதர், மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்.

"பாப்பா, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்த போல்ட்டத் திருப்பி முடுக்கிடு."

"மெர்ல், உங்க காலு என் மூஞ்சிகிட்ட இருக்கு."

கியர் பெட்டியின் அடிமூடியைக் கழற்றியதும் ஆயில் கொட்டிய வேகத்தில் வாளி நிரம்பிவிட்டது. வேறு ஏதாவது கொடுங்கள் என்று கத்தினாள். மெர்ல் வீட்டுக்குள் ஓடி ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அடியில் ஒட்டியிருந்த நாடாவில் அவர் மனைவி ஹெலனின் பெயர்.

"இதுல இருந்தது?"

"நின்னுக்கிட்டே நாங்க தின்னுட்டோம். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

ஃபில்டர் கம்பளித் துணிபோல அடைத்திருந்தது. புதியதை மாட்டி, சிவப்பு ஆயிலை ஊற்றி, வண்டியைத் தரையிறக்கி ஸ்டார்ட் செய்தாள். ரிவர்ஸில் தள்ளினாள். தடக்கென்று விழுந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் நின்ற ஆறு பேர் துள்ளி விலகினார்கள். அந்த வண்டிக்குப் பின்னால் நிற்பது ஆபத்து என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு டார்லா அப்போதுதான் சிரித்தாள்.

பிறகு முன் கியருக்கு மாற்றினாள். இன்ஜின் உறுமியது. வண்டி அசையவில்லை. மற்ற கியர்களும் அப்படியே.

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். "ஆர்லன் சொன்னான்ல," என்றார் மெதுவாக.

டார்லா பத்து நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. பிறகு கணக்குப் போட்டாள். கல்லறைக்கு இரண்டு மைல். ரிவர்ஸ் நல்ல இழுவையுள்ள கியர். ஏற்றத்துக்கு ஒத்துவரும். போதகரை அழைத்துச் சொன்னாள். வேதத்தில் இதற்குத் தடை இருப்பதாக ஞாபகமில்லை என்றார்.

வியாழக்கிழமை ஆர்லன் ஸ்வீட்ஸரின் பிக்கப் பின்புறமாக ஊர்வலத்தை நடத்திச் சென்றது. பின்னால் வந்த முப்பது கார்களும் அதன் முகத்தைப் பார்த்தபடி வந்தன. நாற்சந்தியில் காவலர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். அது எந்தப் பக்கம் போகிறது என்று புரியாமல் நான்கு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தினார். டார்லாவுக்குப் பக்கத்தில் முன்னோக்கி உட்கார்ந்திருந்த மெர்ல், எல்லோரும் தன்னையே பார்ப்பதால் வேறு வழியின்றிக் கையசைத்துக்கொண்டு வந்தார்.

டார்லா உடம்பைத் திருப்பி, கையை இருக்கையின் முதுகில் போட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், சவப்பெட்டி. மூன்று நாளாக அவள் அதை நேராகப் பார்க்கவில்லை; விரிப்பைப் பார்த்தாள், கதவுக் கீலைப் பார்த்தாள். இப்போது அதைத் தாண்டித்தான் சாலை தெரிந்தது. கண்ணை எடுத்தால் பள்ளம். துடைக்கவும் கை ஒழியவில்லை.

செவ்வாயன்று நின்ற இடம் வந்தது. வண்டி வழுக்காமல் ஏறியது.

"தொடாதேன்னு சொன்னீங்க," என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெட்டியைப் பார்த்து.

"ஆமா, சொன்னேன்," என்றார் மெர்ல்.

மேலே போய் நின்றபோது வண்டியின் பின்கதவு குழிக்கு நேராக இருந்தது. திருப்பி நிறுத்த வேண்டிய வேலையே இல்லை.

எல்லாம் முடிந்தபின் இருவரும் மறுபடி ஏறினார்கள். வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்த்து நின்றது. கீழே போக எந்தக் கியரும் வேண்டாம். டார்லா நியூட்ரலில் வைத்து பிரேக்கை விட்டாள்.

"ஹெலன் பாத்திரத்தக் கேக்குறா," என்றார் மெர்ல்.

"அப்பா எடுத்துக்கிட்டுப் போயிட்டார்னு சொல்லுங்க."

மெர்ல் யோசித்தார்.

"நம்புவா," என்றார்.