அத்தை கேட்ட இரண்டாவது கதவு

பள்ளிச் சட்டைக்கு வைக்க எடுத்த வெள்ளைப் பொத்தான் ஒன்று என் மேசையிலிருந்து நழுவி விழுந்து, பலகைத் தரையில் நிற்காமல் பின்சுவர்வரை தானாகவே உருண்டு போன அந்தக் காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எடுக்கக் குனிந்த என்னை அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். தன் டப்பாவிலிருந்து இன்னொரு பொத்தானை எடுத்துத் தரையில் நிறுத்தி வைத்து, விரலை விலக்கினார். அதுவும் அதே பக்கம் ஓடியது. மூன்றாவதும் அப்படியே. "போன மாசம் இப்படி ஓடல" என்றார். பிறகு காலர் தைக்க உட்கார்ந்துவிட்டார். ஆனால் அன்று முழுவதும் அவருடைய மெஷின் விட்டுவிட்டுத்தான் ஓடியது.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. இருபது வருஷத்துக்கு மேல் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும், நான் வேலை செய்த தையல் தொழிற்சாலைக்கே, எங்கள் பேச்சில் கிலாங்குக்கே, வந்து சேர்ந்தார். பிரிஞ்சாங் டவுனில் கடை வரிசைக்குப் பின்னால், மலைச்சரிவின் விளிம்பில், மாடியில் இருந்தது அந்த கிலாங். ஹோட்டல் ஊழியர்களுக்கான சீருடை, பள்ளிச் சட்டை, குளிர் ஜாக்கெட் எல்லாம் தைத்தோம். மொத்தம் இருபத்திரண்டு பெண்கள். முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் வீடுவீடாகக் கோழி அனுப்புவார், பெயர் சொல்லி நலம் கேட்பார். ஆனால் ஆர்டர் கூடக்கூட அவருக்கு இடம் போதவில்லை. பின்பக்க மாடிப்படியை இடித்துவிட்டு, பள்ளத்திலிருந்து இரும்புத் தூண்களை எழுப்பி, பலகை அடித்து, தகரக் கூரை போட்டு ஒரு நீண்ட அறையை ஒட்ட வைத்தார். வரைபடமும் இல்லை, அனுமதியும் இல்லை. எங்களில் பதினான்கு பேரை அங்கே உட்கார வைத்தார். ஒரு தடவை துணிக்கட்டு காணாமல் போனதிலிருந்து, அந்த அறைக்கும் பழைய கட்டடத்துக்கும் நடுவே இரும்பு கேட் போட்டு, வேலை நேரத்தில் பூட்டு மாட்டினார். வெளியே போக வேறு வழி கிடையாது. நாங்களும் பழகிப்போனோம். பூட்டுக்குள் உட்கார்ந்து சிரித்தோம், பாடினோம், பிள்ளைகளின் கதை பேசினோம்.

அத்தைக்கு மட்டும் பழகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கிப் போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு வந்தார். வேலிக் கம்புகள் எல்லாம் பள்ளத்தின் பக்கம் தலை சாய்த்து நின்றனவாம். "கொழுந்து மலையில செடி வரிசையா சாய்ஞ்சா அந்தப் பக்கம் கூடைய கொண்டு போகமாட்டோம். மண்ணு நடக்குதுன்னு அர்த்தம்" என்றார். லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்த வருஷம் தன் தங்கை வீட்டில் கட்டில் மட்டத்துக்குச் சேறு நின்றதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மண் நடக்கும் என்பது அவருக்கு வெறும் பேச்சு இல்லை.

மறுநாள் காலை, கேட் பூட்டப்படுவதற்கு முன், அத்தை தன் மெஷினை அப்படியே இழுத்துக்கொண்டு பழைய கட்டடத்துக்குள் வந்துவிட்டார். முதலாளி வந்து பார்த்தார். "என்னம்மா, இடத்த மாத்திட்டீங்க?" என்று கேட்டார். "இங்க வரைக்கும்தான் மொதலாளி உங்க கட்டடம். அந்தப் பக்கம் காத்துல நிக்குது. நீங்க தூண போயி பாருங்க" என்றார் அத்தை. முதலாளி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஆபீஸ்காரங்களுக்குத் தெரிஞ்சா மொத்தமா மூடிருவாங்கம்மா. இருபத்திரண்டு குடும்பம் தெருவுல நிக்கும். அப்புறம் உங்க இஷ்டம்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எங்கள் லைன் வீட்டில் நான் அத்தையிடம் சத்தம் போட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படிப் பேசியதில்லை. என் கணவர் ஓட்டியதும் அதே முதலாளியின் லோரிதான். மூன்று பேர் வேலையும் ஒரே ஆள் கையில் இருந்தது. "வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன அத்தை?" என்றேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "வேல போனா வேற வேல தேடலாம்மா. பூட்டுக்குள்ள செத்தா எந்த ஆபீஸ்ல போயி மனு கொடுக்கறது?" என்றார். என் கணவர் மெதுவாக வாயைத் திறந்தார். "நான் லோரிய ரிவர்ஸ் எடுக்கறப்ப பாக்கறேன். ஒரு தூணுக்கு அடியில மண்ணே இல்ல." அவ்வளவுதான். எங்கள் மூவரில் மலாய் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாவட்ட ஆபீசுக்குப் புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பூட்டு, தூண், ஒரே வழி, பதினான்கு பேர் என்று எழுத எழுத, இத்தனை நாள் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே பயம் வந்தது.

அதிகாரிகள் வந்த நாளில், எப்படியோ முன்பே சேதி தெரிந்து முதலாளி முந்திக்கொண்டார். பின்னறை மெஷின்கள் மேல் துணிக்கட்டுகளை அடுக்கி, எல்லாரையும் பழைய கட்டடத்தில் நெருக்கி உட்கார வைத்து, "அது ஸ்டோர், அவ்வளவுதான்" என்று சொல்லச் சொன்னார். வந்த பெண் அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார், அங்கே யாராவது வேலை செய்கிறீர்களா என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடிதத்தை எழுதிய நானே தலை குனிந்திருந்தேன். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தனக்குத் தெரிந்த கடைவீதி மலாயில், "ஸ்டோர் இல்லை புவான், நான் அங்கேதான் தைத்தேன்" என்றார். அடுத்து எழுந்தவள் ஜிப் தைக்கும் இந்தோனேசியப் பெண். எங்களில் இழப்பதற்கு அதிகம் இருந்தது அவளுக்குத்தான்; வேலை போனால் பெர்மிட்டும் போய்விடும். மூன்றாவதாக எழுந்தவள் நான். முதலில் எழவில்லையே என்ற வெட்கம் இன்றும் எனக்குள் இருக்கிறது. பிறகு நாற்காலிகள் வரிசையாகப் பின்னால் தள்ளப்படும் சத்தம். கடைசியில் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை.

கிலாங்கை மூடி நோட்டீஸ் ஒட்டினார்கள். முதலாளி எங்கள் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிப் போனார். அந்த வாரங்கள் கசப்பானவை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, எங்களோடு வேலை செய்த ஒருத்தி, "உங்க மாமியா வாயால எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சிருச்சு" என்றாள். அத்தைக்கும் கேட்டது. அடுத்த நாளே என்னை அழைத்துக்கொண்டு கியா பார்மில் காய்கறி அடுக்கும் வேலைக்குப் போனார். அவளுக்கும் அங்கேயே ஓர் இடம் கேட்டு வாங்கித் தந்தார்.

ஐந்தாவது வாரம் மழை விடவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் இடைவேளை நேரம், என் கணவர் போன் செய்தார். "கிலாங் பின்பக்கம் போயிருச்சு" என்றார். நாங்கள் ஓடினோம். பின்னறை முழுவதும் பள்ளத்தில் கிடந்தது, தகரமும் பலகையும் சேறுமாக. பழைய கட்டடத்தின் சுவரில் அந்த இரும்பு கேட் மட்டும் பூட்டோடு நின்றது. அதற்குப் பின்னால் வெறும் மழை. முதலாளி நனைந்தபடி தெருவில் நின்று, வந்தவர்களையெல்லாம் பிடித்துப் பிடித்து எங்கள் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாக உள்ளே யாருமே போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் இருபத்திரண்டு பெயரையும் சொல்லி முடிக்கும்வரை அவரால் நிறுத்த முடியவில்லை. அத்தையைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அத்தை தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

அடுத்த வாரமே முதலாளி எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். அத்தை யோசிக்கக்கூட இல்லை. "கீழ்த்தளம். ரெண்டு கதவு. பூட்டு வேணாம். மொதல்ல பேப்பரு, அப்புறம் மெஷினு." கம்போங் ராஜா போகும் வழியில், சமதரையில், காய்கறி பேக்கிங் செய்த பழைய கூடம் ஒன்று கிடைத்தது. அனுமதிக் கடிதம் வரும்வரை அத்தை யாரையும் ஒரு ஊசிகூட எடுத்துப் போக விடவில்லை. இன்று அங்கே நான்தான் சூப்பர்வைசர். வழியில் ஓர் அட்டைப் பெட்டி கிடந்தாலும் புதிதாக வந்த பெண்களே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கதவு என்றால் திறந்திருக்கும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அதற்காக ஒருத்தி எழுந்து நிற்க வேண்டியிருந்தது என்று சொன்னால் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

அத்தை வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். அவரை நினைக்கும்போதெல்லாம் புதுக் கூடத்தின் முதல் நாள்தான் என் கண்முன் வருகிறது. ஃபாதர் ஜெபம் செய்து முடித்ததும், எல்லாரும் மெஷினை நோக்கிப் போனோம். அத்தை மட்டும் நேராக நடந்து போய்ப் பின்கதவைத் தள்ளினார். திறந்தது. வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, முன்கதவு வழியாக உள்ளே வந்தார். மறுபடியும் பின்கதவு. இந்த முறை ஜிப் தைப்பவள் சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். பூசையன்று அத்தையைத் திட்டியவள் அடுத்து. பிறகு நான். பிறகு எல்லாரும். இருபத்திரண்டு பெண்கள் வரிசையாகப் பின்னால் போய் முன்னால் வந்துகொண்டிருந்தோம். "போதும்மா, ஆர்டர் நிறைய கெடக்கு" என்றார் முதலாளி. "இருங்க மொதலாளி, இன்னும் ஒரு சுத்து" என்றார் அத்தை, முழங்கால் வலியை மறந்து. முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார்.